லைசோசோமின் புளிப்பை அளக்க ஒரு சாயம்: செய்யப் போகிறவர்களுக்கு

என் முதல் பிஎச் ப்ரோப்பை, அதாவது புளிப்பைப் பொறுத்து ஒளிரும் சாயத்தை, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அலுமினியத் தாளைச் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களோடு வைத்து இரவு ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுபோனேன். க்யூவெட்டில் அது சொன்னபடி நடந்தது. பிஎச் 8-இல் இருட்டு, 5-இல் பசுமஞ்சள் வெளிச்சம். செல் உயிரியல் பார்க்கும் என் தோழி அதை ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா மனித செல்களுக்குக் கொடுத்து, கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் மாலை சொன்னாள்: "உன் சாயம் புளிப்பைக் காட்டலடி. கொழுப்பைக் காட்டுது." கொழுப்பைக் காட்டும் நைல் ரெட் சாயம் போட்டும் சரிபார்த்திருந்தாள். நான் லைசோசோம் (செல்லின் புளிப்பான செரிமானப் பை) என்று நினைத்து மகிழ்ந்த புள்ளிகளில் பாதி கொழுப்புத் துளிகள்.

அந்தத் தவறு எங்கெங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. சாயம் செய்யத் தெரிந்த, ஆனால் உயிருள்ள செல்லோடு பழகாத வேதியியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கு வேண்டாம்.

எந்த இடம், எந்த எண்

பிளாஸ்கை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். செல்லுக்குள் எந்த இடத்தைப் பார்க்கப் போகிறேன்? அங்கே பிஎச் எவ்வளவு மாறும்? சைட்டோசால், அதாவது செல்லை நிரப்பும் திரவம், 7.2-ஐ ஒட்டி இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதி 8 பக்கம். புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி 6-க்கும் 6.7-க்கும் நடுவில். வெளியிலிருந்து விழுங்கிய பொருளைச் சுமக்கும் பையான எண்டோசோம் 6.3-இல் தொடங்கி 5.5-க்கு இறங்கி, கடைசியில் லைசோசோமில் 4.5 முதல் 5 வரை போய் நிற்கும். இதில் நான் லைசோசோமை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். எனக்குத் தெரிந்த வீடு அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு லைசோசோமில், பிஎச் 4.7 என்றால், கட்டுப்படாமல் திரியும் புரோட்டான்கள் ஏறக்குறைய 800 மட்டும். அதே கன அளவு சைட்டோசாலில் இரண்டோ மூன்றோதான். நீங்கள் உள்ளே அனுப்பும் சாய மூலக்கூறுகளோ அமினை ஏந்திக்கொண்டு ஆயிரக்கணக்கில் அங்கே போய்க் குவியும். லைசோசோமுக்குள் புரோட்டானைத் தள்ளும் பம்பும், பிஎச் மாறாமல் காக்கும் பஃபர் திறனும் தாங்கும் வரைதான் தாங்கும். அளக்கப் போன பொருளே அளவை மாற்றிவிடலாம் என்ற பயம் முதல் நாளிலிருந்து உங்களுக்கு இருக்க வேண்டும்.

அடுத்தது பிகேஏ. சாயத்தின் பாதி புரோட்டானைப் பிடித்திருக்கும் பிஎச் அது. பிகேஏ-க்கு ஒரு அலகு மேலேயும் ஒரு அலகு கீழேயும்தான் நம்பிப் படிக்க முடியும். அதற்கு வெளியே வளைவு தட்டையாகிவிடும். மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது, அதனால் எண்ணோடு சொல்கிறேன். சாயத்தின் பிகேஏ 6 என்று வையுங்கள். பிஎச் 4.7-இல் 95 விழுக்காடு மூலக்கூறுகள் புரோட்டானைப் பிடித்து எரிந்துகொண்டிருக்கும். நோயினாலோ மருந்தினாலோ லைசோசோம் 5.2-க்கு ஏறினால் 86 விழுக்காடு. அரை அலகு மாற்றம் செல்லுக்குப் பெரிய சங்கதி. உங்கள் சாயத்துக்கு அது வெறும் ஒன்பது விழுக்காடு. பிகேஏ 5 ஆக இருந்திருந்தால் 67-இலிருந்து 39-க்கு இறங்கியிருக்கும். ஆக, பிகேஏ 6 உள்ள சாயம் லைசோசோம் எங்கே இருக்கிறது என்று காட்டத் தோதானது. எவ்வளவு புளிப்பு என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இரண்டும் நல்ல வேலைகள்தான். எதைச் செய்யப் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

சட்டமும் சுவிட்சும்

சட்டம் என்பது ஒளிரும் மூலக்கூறு எலும்புக்கூடு. தொடங்குகிறவர்களுக்கு நான் 1,8-நாஃப்தாலிமைடைத்தான் கையில் கொடுப்பேன். மூலப்பொருள் விலை கட்டுப்படியாகும், இரண்டே படி, ஒளியைத் தாங்கும். நாலாம் இடத்தில் ஆல்கைல் அமினோ இருந்தால் 440 நானோமீட்டர் பக்கம் ஒளியை வாங்கி, தண்ணீரில் 530-ஐத் தாண்டி உமிழும். (உங்களுக்குக் கிடைக்கும் மைக்ராஸ்கோப்பில் என்ன லேசர் இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். 405, 458 இரண்டும் சரிப்படும். 488 மட்டும்தான் என்றால் இந்தச் சாயம் சோர்ந்துபோகும், பாடிபை என்ற இன்னொரு ஒளிரும் சட்டத்தைப் பாருங்கள்.)

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது? ஒளிரும் சட்டம், இரண்டு கார்பன் நீளமுள்ள ஓர் இடைச்சங்கிலி, அதன் நுனியில் ஓர் அமின். அமினின் தனித்த எலெக்ட்ரான் ஜோடி, கிளர்ந்த சட்டத்துக்குள் தாவி ஒளிர்வை அணைக்கும். புரோட்டான் வந்து அந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டால் தாவல் நிற்கும், விளக்கு எரியும். இந்த மூன்று துண்டு வடிவமைப்பைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தவர் பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். அவருடைய குழு 1995-இல் காட்டிய ஒரு விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். நாஃப்தாலிமைடில் அமினை எந்தப் பக்கம் தொங்கவிடுகிறோம் என்பது முக்கியம். நாலாம் இட நைட்ரஜன் பக்கம் தொங்கவிட்டால் எலெக்ட்ரான் தாவும். இமைடு பக்கம் தொங்கவிட்டால், கிளர்ந்த நிலையில் மூலக்கூறுக்குள்ளேயே உருவாகும் மின்புலம் தாவலைத் தடுத்துவிடும். ஆகவே சுவிட்சை நாலாம் இடத்தில் வையுங்கள். இமைடு பக்கத்தை வாலுக்கு விட்டுவிடுங்கள்.

நுனி அமினைத் தேர்ந்தெடுப்பதுதான் பிகேஏ-யைத் தேர்ந்தெடுப்பது. டைமெத்தில் அமினோ வைத்தால் 8-க்கு மேலே போய்விடும், சைட்டோசாலிலேயே விளக்கு எரியும். மார்ஃபோலினில் இருக்கும் ஆக்சிஜன் எலெக்ட்ரானை இழுப்பதால் பிகேஏ 6-ஐ ஒட்டி இறங்கும். இன்னும் கீழே வேண்டுமென்றால் அனிலின் வகைக்குப் போக வேண்டும். யசுதெரு உரானோவின் குழு 2009-இல் பாடிபை சட்டத்தில் அனிலின் நைட்ரஜனின் ஆல்கைல் குழுக்களை மட்டும் மாற்றி 3.8-இலிருந்து 6.0 வரை பிகேஏ வரிசை ஒன்றைச் செய்துகாட்டியது. மெத்திலை எத்திலாக்கினால் பிகேஏ ஏறும். இடம் போதாமல் நைட்ரஜன் வளையத்தின் தளத்திலிருந்து முறுக்கிக்கொள்ளும், எலெக்ட்ரான் ஜோடி புரோட்டானுக்கு இன்னும் நன்றாகக் கிடைக்கும். வீணையில் ஒவ்வொரு மெட்டாக விரலை நகர்த்துவது போன்ற அந்த வேலை எனக்கு இன்றும் பிடித்தமானது.

செய்யும்போது

4-புரோமோ-1,8-நாஃப்தாலிக் அன்ஹைட்ரைடை எத்தனாலில் பியூட்டைல் அமினோடு ரிஃப்ளக்ஸ் செய்தால் இமைடு. அதை 2-மெத்தாக்ஸிஎத்தனாலில் 4-(2-அமினோஎத்தில்)மார்ஃபோலினோடு இரவு முழுக்க ரிஃப்ளக்ஸ் செய்தால் மஞ்சள் திடப்பொருள். படிக்கிறபோது எளிது. என் முதல் தவறு இங்கேதான் நடந்தது.

முதல் படியில் பியூட்டைல் அமினைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். உபரி அமின் மெதுவாக நாலாம் இடத்து புரோமினையும் பெயர்த்துவிட்டு உட்கார்ந்தது. அந்தத் துணைப்பொருளில் மார்ஃபோலின் இல்லை, சுவிட்ச் இல்லை, எப்போதும் எரியும். நிறமும் நம் பொருளின் நிறமே. கொழுப்பில் நன்றாகக் கரையும். கணக்கைப் பாருங்கள். உங்கள் சாயம் எரியும்போது இருக்கும் வெளிச்சம் அணையும்போது ஐம்பதில் ஒரு பங்காகிறது என்றால், அணைந்த நிலை 2 விழுக்காடு. எப்போதும் எரியும் அசுத்தம் வெறும் 2 விழுக்காடு கலந்திருந்தாலே பின்னணி இரட்டிப்பாகி, ஐம்பது மடங்கு இருபத்தைந்து மடங்காகிவிடும். என்எம்ஆரில் இந்த 2 விழுக்காட்டை நான் சத்தம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

ஆகவே அமின் 1.1 சமானத்துக்கு மேல் வேண்டாம். கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியில் 254 நானோமீட்டரில் மட்டும் பார்க்காதீர்கள், 440-இலும் பாருங்கள். ஒளிர்வு டிடெக்டர் கிடைத்தால் அதைவிட நல்லது. சுத்தம் செய்த பிறகு பிஎச் 10 பஃபரில் சாயத்தைக் கரைத்து ஒளிர்வை அளந்து, மறுபடி சுத்தம் செய்து மறுபடி அளந்து, அந்த மிச்ச வெளிச்சம் இனி இறங்கவில்லை என்று ஆகும்வரை விடாதீர்கள்.

சுத்தமான சாயத்தோடு திரும்பப் போனபோது கொழுப்புத் துளிகள் மங்கின. ஆனால் மறையவில்லை. இரண்டாவது காரணம் அப்போதுதான் பிடிபட்டது. எலெக்ட்ரான் தாவினால் மின்னேற்றம் பிரிகிறது. பிரிந்த மின்னேற்றத்தைத் தாங்க முனைவுள்ள சூழல் வேண்டும். கொழுப்புக்குள் அந்தத் தாங்குதல் இல்லை, தாவல் தளர்ந்துபோகிறது, புரோட்டானே இல்லாமல் விளக்கு எரிகிறது. இதற்கு மருந்து சாயத்தைக் கொழுப்பை விரும்பாததாக மாற்றுவது. பியூட்டைல் வாலை எடுத்துவிட்டு 2-(2-அமினோஎத்தாக்ஸி)எத்தனாலை வைத்தேன். நுனியில் ஹைட்ராக்ஸில் உள்ள குட்டையான ஈதர் வால். துளிகள் அணைந்தன. அன்றிலிருந்து எந்தச் சாயத்தையும் பஃபரில் மட்டும் அளப்பதில்லை. டையாக்ஸேன், எத்தனால், தண்ணீர் மூன்றிலும், ஆல்புமின் புரதம் கலந்த பஃபரிலும் அளந்த பிறகே குப்பியில் போடுவேன்.

டைட்ரேஷன்

பிஎச்சைப் படிப்படியாக மாற்றி ஒளிர்வை அளந்து பிகேஏ கண்டுபிடிப்பது இது. சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டன்-ராபின்சன் பஃபர் பிஎச் 2 முதல் 12 வரை ஒரே கலவையில் வரும், வசதி. உப்புச் செறிவை 100 முதல் 150 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடால் நிலையாக வையுங்கள். சாயம் கரையவில்லை என்று பாதி எத்தனால் சேர்த்து டைட்ரேட் செய்யாதீர்கள். எத்தனால் அமினின் பிகேஏ-யை இறக்கிவிடும், செல்லுக்குள் எத்தனால் கிடையாது. டிஎம்எஸ்ஓ ஒரு விழுக்காட்டுக்குள். வெப்பநிலை 37. டிரிஸ் பஃபர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அது ஒரு டிகிரிக்கு 0.028 அலகு இறங்கும். 25 டிகிரியில் 7.4 என்று சரிசெய்து வைத்தது 37-இல் 7.1-க்குக் கீழே நிற்கும். மின்முனையையும் பஃபரையும் 37-லேயே சரிபாருங்கள்.

முகவரி வேறு, அளவுகோல் வேறு

இந்தப் பகுதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மார்ஃபோலின் சாயம் லைசோசோமுக்குள் ஏன் போகிறது? மென்காரம் மின்னேற்றமில்லாமல் சவ்வைக் கடக்கும், உள்ளே புரோட்டானை ஏற்றுக்கொண்டு வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும். சைட்டோசால் 7.2, லைசோசோம் 4.7 என்றால், போதிய காரத்தன்மையுள்ள ஓர் அமின் 300 மடங்கு வரை உள்ளே குவியலாம். அதாவது அந்த ஒரே நைட்ரஜன் இரண்டு வேலை பார்க்கிறது. சாயத்தை அந்த முகவரிக்கு அழைத்துப் போவதும் அதுதான், புளிப்பை அளப்பதும் அதுதான்.

இப்போது லைசோசோம் 5.2-க்கு ஏறுகிறது. சுவிட்ச் காட்டும் மாற்றம் ஒன்பது விழுக்காடு என்று பார்த்தோம். குவிதலோ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. படத்தில் தெரியும் மங்கலில் பெரும்பகுதி சாயம் வெளியே கசிந்ததால் வந்தது. செல் மெலிந்தாலும், லைசோசோம் எண்ணிக்கை குறைந்தாலும், லேசர் சாயத்தைத் தின்றாலும் இதே மங்கல்தான் வரும். அந்த மங்கலைப் பார்த்து "பிஎச் ஏறிவிட்டது" என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை நம்பி ஒருவர் மருந்து தேடப் போகிறார்.

அளக்க வேண்டும் என்றால் இரண்டையும் பிரியுங்கள். உரானோ குழு தன் பாடிபை சாயத்தை டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருளோடு கட்டியது. எச்இஆர்2 என்ற புரதம் மேற்பரப்பில் மிகுந்த புற்றுசெல் எதிர்ப்பொருளை விழுங்கும், லைசோசோமுக்குப் போனதும் சாயம் எரியும். முகவரி எதிர்ப்பொருளுடையது, அளவுகோல் அனிலினுடையது. அதே 2009-இல் பெங்களூரு என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் யமுனா கிருஷ்ணனின் குழு டிஎன்ஏ இழைகளாலேயே ஒரு சுவிட்சைச் செய்தது. அமிலத்தில் சைட்டோசின் நிறைந்த இழை மடங்கும், இரண்டு சாயங்கள் அருகருகே வரும், நிறங்களின் விகிதம் மாறும். அவர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தவர் என்பதை என் மாணவிகளிடம் ஒவ்வொரு ஆண்டும் சொல்லுகிறேன்.

நம் ஆய்வகத்துக்கு எட்டும் வழி டெக்ஸ்ட்ரான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. 1978-இல் ஒக்குமாவும் பூலும் ஃப்ளூரசீன் கட்டிய டெக்ஸ்ட்ரானை எலியின் மேக்ரோஃபேஜ் செல்களுக்கு ஊட்டி, லைசோசோமின் பிஎச் 4.7 - 4.8 என்று அளந்தார்கள். செல் சர்க்கரைச் சங்கிலியைத் தானே விழுங்கும், கடைசியில் லைசோசோமில் சேரும், வெளியே கசியாது. ஃப்ளூரசீனின் பிகேஏ 6.4, இந்தப் புளிப்புக்குக் கொஞ்சம் மேலே. ஓரெகான் கிரீன் என்ற பச்சைச் சாயத்தினுடையது 4.7, சரியாகப் பொருந்தும். அதோடு பிஎச் எதுவானாலும் மாறாத டெட்ராமெத்தில்ரோடமினையும் அதே சங்கிலியில் கட்டினால், பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். சாயம் எவ்வளவு உள்ளே போனது என்ற கேள்வி வகுத்தலில் அடிபட்டுப் போகிறது. நீங்களே செய்த சாயத்தில் ஒரு கார்பாக்ஸில் கைப்பிடி வைத்துவிட்டால் அமினோ டெக்ஸ்ட்ரானில் கட்டலாம். வடிவமைக்கும்போதே அந்தக் கைப்பிடிக்கு இடம் விடுங்கள், பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

செல்லின் முன்னால்

டிஎம்எஸ்ஓவில் 1 மில்லிமோலார் இருப்புக் கரைசல், செல்லில் 1 மைக்ரோமோலார். ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம். சின்ன அமின் சாயம் என்றால் ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சாயமே லைசோசோமின் பிஎச்சை ஏற்றிவிடும். டெக்ஸ்ட்ரான் என்றால் இரவு முழுக்க ஊட்டி, கழுவி, நாலு மணி நேரம் சாயமில்லாத ஊடகத்தில் விட்டு, எண்டோசோமில் தங்கியிருப்பது லைசோசோமுக்குப் போக நேரம் கொடுங்கள்.

கடையில் விற்கும் லைசோடிராக்கர் சாயத்தோடு உங்கள் சாயம் ஒன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் சான்றாக வைக்காதீர்கள். அதுவும் மென்காரம், உங்களுடையதும் மென்காரம். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும், தவறும் ஒன்றாகவே செய்யும். லைசோசோம் சவ்வில் இருக்கும் எல்ஏஎம்பி1 புரதத்தில் சிவப்பு ஒளிர்புரதம் கட்டிய செல்களைக் கேட்டு வாங்குங்கள். அது சவ்வையே காட்டும், புளிப்பை நம்பியிருக்காது.

பாஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார், ஒரு மணி நேரம். புரோட்டான் பம்ப் நின்றுவிடும். சாயம் அணைய வேண்டும். கூடவே மார்ஃபோலின் இல்லாத, மற்றபடி இதே போன்ற சாயம் ஒன்றையும் ஓட்டுங்கள். எனக்குத் தலைவலி கொடுத்த அந்தத் துணைப்பொருளையே பிரித்தெடுத்து இதற்காகக் குப்பியில் வைத்திருக்கிறேன். அது எங்கெல்லாம் எரிகிறதோ அங்கெல்லாம் உங்கள் படத்தைச் சந்தேகியுங்கள்.

எண் சொல்ல வேண்டுமென்றால் செல்லுக்குள்ளேயே அளவுக்கோடு வரைய வேண்டும். க்யூவெட் வளைவை அப்படியே செல்லுக்குப் பொருத்தக் கூடாது. 1979-இல் வந்த நைஜெரிசின் முறைதான் இன்றும் துணை. பொட்டாசியத்தையும் புரோட்டானையும் இடம் மாற்றும் பொருள் அது. வெளியே பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இருக்கும் அளவுக்கு, 120 முதல் 140 மில்லிமோலார் வரை உயர்த்திவிட்டால், உள்ளே பிஎச் வெளி பஃபரின் பிஎச்சுக்கு வந்துவிடும். நைஜெரிசின் 10 மைக்ரோமோலார், லைசோசோமுக்கு அதோடு அதே வகைப் பொருளான மொனென்சினும். பிஎச் 4.0 முதல் 5.5 வரை அசிடேட் பஃபர், அதற்கு மேல் எம்இஎஸ் பஃபர். ஒவ்வொரு பஃபரிலும் பத்து நிமிடம் பொறுங்கள். விகிதம் அசையாமல் நின்ற பிறகு படம் எடுங்கள். நைஜெரிசின் பட்ட குழாய்களைத் தனியாக வையுங்கள், எத்தனாலில் எத்தனை முறை கழுவினாலும் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்தவர் சோதனையைக் கெடுக்கும். தோழி இதற்காக என்னிடம் கோபப்பட்டது நியாயமே.

இப்போதெல்லாம் ஒவ்வொரு குப்பியோடும் ஒரு தாள் அனுப்புகிறேன், கையால் எழுதியது. பிகேஏ, எந்த வெப்பத்தில் எந்த உப்பில் அளந்தது, பிஎச் 10-இல் மிச்ச வெளிச்சம் எவ்வளவு, டையாக்ஸேனில் எவ்வளவு எரிகிறது, எந்த லேசர், எத்தனை நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. கடைசி வரியில் என் எண்ணை எழுதி, பாஃபிலோமைசின் போட்டும் அணையாவிட்டால் எந்நேரமானாலும் கூப்பிடவும் என்று போட்டிருப்பேன்.